ஜிபிஎஸ் ஃப்ரீதானே, நமக்கு நாவிக் எதுக்கு?

"ஜிபிஎஸ் காசு வாங்காமலே வழி காட்டுது. அப்புறம் இந்தியா எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி நாவிக்னு தனியா ஒண்ணு வச்சிருக்கு?" நியாயமான கேள்விதான். இன்னிக்கு அதைப் பேசலாம்.

முதல்ல இது வேலை செய்ற விதம். நம்ம போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புறதில்லை, கேட்க மட்டும்தான் செய்யுது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் "நான் இங்க இருக்கேன், இப்போ மணி இவ்வளவு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். சிக்னல் வந்துசேர எடுத்துக்கிட்ட நேரத்தை வச்சு போன் தூரத்தைக் கணக்குப் போடும். நாலு செயற்கைக்கோள் கிடைச்சா நம்ம இடம் தெரிஞ்சிடும்.

ஆக, எல்லாமே கடிகாரத்தை நம்பித்தான் இருக்கு. ஒரு மைக்ரோ செகண்டுல ஒளி 300 மீட்டர் போயிடும். செயற்கைக்கோளோட கடிகாரம் அவ்வளவு தப்பினாலே, அண்ணா சாலையில நிக்கிற உங்களை மேப் வேற தெருவுல காட்டும். அதனாலதான் அதுல அணுக் கடிகாரம் வைக்கிறாங்க.

சரி, அந்தச் சிக்னல் யாரோடது? ஜிபிஎஸ்ஸை நடத்துறது அமெரிக்க ராணுவம். என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும்: இன்னொருத்தரோட ஃப்ரீ ஏபிஐயை நம்பி ஆப் கட்டினா, விதிகளை மாத்துற உரிமை அவங்ககிட்டதான் இருக்கும். இது கற்பனை இல்லை. 2000 மே வரைக்கும் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே பிழையைக் கலந்துதான் அனுப்பினாங்க. சுமார் 100 மீட்டர் வரைக்கும் இடம் தப்பும். 1999ல கார்கில் போர் நடந்தப்பவும் அதே நிலைமைதான். கிளின்டன் உத்தரவு போட்டதும் பிழை கலக்குறது நின்னுச்சு. ஓர் உத்தரவுல மாறுற விஷயத்தை நம்பி ஒரு நாட்டோட ராணுவமும் கப்பலும் இருக்கலாமாங்கிறதுதான் கேள்வி.

அதுக்கு இந்தியா சொன்ன பதில்தான் நாவிக். 2006ல ஒப்புதல், 2013ல முதல் செயற்கைக்கோள், 2016ல ஏழாவது. ஜிபிஎஸ் மாதிரி உலகம் முழுக்க இது வேலை செய்யாது. இந்தியாவும் அதைச் சுத்தி 1,500 கிலோமீட்டரும்தான் இலக்கு. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருந்து நம்ம பகுதியை மட்டும் பார்க்கறதால ஏழே போதும். உலகத்தையே பார்க்கணும்னா ஜிபிஎஸ்ஸுக்குக் குறைஞ்சது 24 வேணும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. நாவிக் வழியா குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2017ல ஒக்கி புயல் வந்தப்போ, ஆழ்கடல்ல இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரலை. செல்போன் டவர் எட்டாத கடல்லயும் இந்தச் செய்தி போகும். படகுல அதுக்கான கருவி இருந்தா போதும்.

இப்போ கசப்பான பகுதி. முதல் செயற்கைக்கோள்ல இருந்த மூணு அணுக் கடிகாரமும் சில வருஷத்துலயே செயலிழந்துடுச்சு. எல்லாமே வெளிநாட்டுல வாங்கினது. அப்புறம் மத்த செயற்கைக்கோள்கள்லயும் கடிகாரங்கள் பழுதாச்சு. 2023ல அனுப்பின என்விஎஸ்-01ல நம்ம நாட்டுலயே செஞ்ச கடிகாரம் போச்சு, அது பெரிய விஷயம். ஆனா 2025 ஜனவரியில போன என்விஎஸ்-02, வால்வு திறக்காததால சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகவே இல்லை. அதே வருஷம் நாடாளுமன்றத்துல அரசு சொன்ன கணக்குப்படி, அதுவரை அனுப்பின 11ல இடம் காட்டுற வேலைக்கு நாலுதான் இருந்துச்சு. வேற நாலு செய்தி அனுப்ப மட்டும்.

அந்த நாலுல ஒண்ணு போனாக்கூட, நாவிக்கை மட்டும் நம்பி முழுசா இடம் சொல்ல முடியாது. நமக்கு வித்தியாசமே தெரியாது. நம்ம போன் ரஷ்யாவோட குளோனாஸ், ஐரோப்பாவோட கலிலியோன்னு எல்லாத்தையும் சேர்த்துக் கேட்கும். மத்த வழி மூடுற நாள்ல மாட்டிக்கிறது போர்க்கப்பலும், துல்லியமான நேரத்தை நம்பி ஓடுற மின்கட்டமைப்பும்தான்.

அதனால, சொந்த சிஸ்டம் வேணுமான்னு கேட்டா, என் பதில் ஆமா. ஆனா சர்வர் வாங்கி வச்சா மட்டும் சர்வீஸ் ஓடாது, அதைப் பராமரிக்கணும். ஏவுற நாள்ல கைதட்டுற நாம, "இப்போ எத்தனை ஓடுது?"ன்னும் கேட்கணும்.

ஆண்ட்ராய்டு வச்சிருக்கறவங்க ஜிபிஎஸ்டெஸ்ட் ஆப்பைப் போட்டு, மொட்டை மாடியில நின்னு பாருங்க. உங்க போன் நாவிக்கைக் கேட்கிற மாடலா இருந்தா, பட்டியல்ல நம்ம கொடி தெரியும். எத்தனை தெரிஞ்சதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!