குளியலறை மூலைக்குச் சிலிக்கன்: எங்கே பூசலாம், எங்கே பூசக்கூடாது

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையாலும் மண்சரிவாலும் கண்டி மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களில் வத்தேகம பக்கம் திரும்பி வருபவர்களுக்காக இந்தப் பகுதியை எழுதுகிறோம். விடயம் சிறியது. குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலை, பேசின் சுவரில் முட்டும் இடம் ஆகியவற்றை நீர் புகாமல் சிலிக்கனால் அடைப்பது எப்படி என்பதே அது. கூலிக்கு ஆள் பிடிக்காமல் வீட்டிலுள்ளவர்களே செய்துகொள்ளலாம்.

சிறிய வேலைதான். ஆனாலும் மலைச்சரிவில் உள்ள வீட்டுக்கு அதில் பெரிய பயன் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குளியலறை பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில், மேட்டை வெட்டிய இடத்திலோ வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்திலோ இருக்கும். மூலையில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தாலும், ஒவ்வொருவரும் குளிக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தரைக்கடியில் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே மழை விட்டிருந்தாலும் அந்த நிரப்பு மண் காய்வதில்லை. ஊறிய மண் பாரம் கூடி, பிடிப்புக் குறைந்து, மெல்ல இறங்கத் தொடங்கும்.

முதலில் வெடிப்பைப் பாருங்கள்

சிலிக்கன் வாங்கப் போகும் முன் மூலையைத் துடைத்துவிட்டு, டோர்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். சுவரும் தரையும் சேரும் கோட்டோடு மட்டும் ஓடுகிற மெல்லிய பிளவு வழமையானது. சுவர் ஒரு விதமாகவும் தரை வேறு விதமாகவும் அசைவதால், இடையில் வைத்த சீமெந்துப் பூச்சு விட்டுப்போகும். அதற்குத்தான் சிலிக்கன்.

வெடிப்பு மூலையை விட்டு விலகி டைல்ஸைக் குறுக்கே பிளந்து போனால், சுவரில் படிக்கட்டுப் போல ஏறினால், கதவு முன்பு இல்லாதவாறு இறுகினால், தரை ஒரு பக்கம் சாய்ந்தால், வெளியே முற்றத்திலோ மேட்டிலோ அதே திசையில் நிலம் பிளந்திருந்தால் அது குளியலறைப் பிரச்சினை அல்ல. நிலம் நகர்வதற்கான அடையாளமாக இருக்கலாம். அதை எதனாலும் அடைக்காதீர்கள். சிலிக்கன் றப்பர் போல இழுபடும் பொருள். உள்ளே பிளவு அகன்றாலும் மேலே பூச்சு அறாமல் நின்று அதை மறைத்துவிடும். பார்க்க வரும் அதிகாரிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பதிலாக, வெடிப்பின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் ஒரு கோடும் திகதியும் போடுங்கள். அகலத்தை அளந்து பக்கத்தில் எழுதி, கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திடமோ சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு நீண்டால், அதிலும் மழை நாளில் நீண்டால், பரிசோதனைக்காகக் காத்திராமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையத்தின் அவசர இலக்கம் 117. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணில் புதைந்ததைத் தோட்டப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலம் பற்றிய எச்சரிக்கைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தன.

சாதாரண பிளவுதான் என்றாலும், திருத்துவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். சேத மதிப்பீட்டுக்கு யாராவது வந்தால் காட்ட உதவும்.

கடையில் கேட்க வேண்டியது

ஹார்ட்வெயார் கடையில் ஒரே மாதிரியான டியூப்கள் வரிசையாக இருக்கும். பெயரில் மயங்காமல் மூன்றைப் பாருங்கள். குளியலறைக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வகையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்திருப்பார்கள். அக்ரிலிக் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அது பெயின்ட் அடிக்கும் சுவருக்கானது, தண்ணீரில் நிற்காது. மூன்றாவது, காலாவதித் திகதி. பழைய சிலிக்கன் எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே கிடக்கும். மலிவாகத் தந்தால் திகதியை இரண்டு தரம் பாருங்கள்.

காயும்போது வினாகிரி மணம் அடிக்கும் வகை டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் நல்லது. இரும்பையும் தகரத்தையும் அது அரிக்கும், வெறும் சீமெந்தில் சரியாக ஒட்டாது. அந்த இடங்களுக்கு ‘நியூட்ரல்’ வகையைக் கேளுங்கள். டைல்ஸ் இல்லாத, உதிர்கிற சீமெந்துத் தரையென்றால் எந்தச் சிலிக்கனும் வீண் செலவு. தூசியோடு சேர்ந்து உரிந்து வரும். மூலையைக் கொத்தி, நீர் புகாத கலவை சேர்த்த சீமெந்தால் சாய்வாகப் பூசிக்கொள்வதே சரி.

300 மில்லிலீற்றர் டியூப் ஒன்று, 6 மில்லிமீற்றர் அகலமும் ஆழமும் உள்ள இடைவெளியில் சுமார் 8 மீற்றர் தூரம் வரும். சிறிய குளியலறைக்கு அது போதும். அதைத் தள்ளும் கன்னை எல்லாரும் வாங்கத் தேவையில்லை. நாலைந்து வீட்டுக்கு ஒன்று போதும்.

பூசும் முறை

வேலையில் முக்காற்பங்கு பூசுவதற்கு முன்னால் இருக்கிறது. பழைய சிலிக்கன் இருந்தால் பிளேட்டால் இரண்டு ஓரமும் வெட்டி முழுவதுமாக உரித்தெடுங்கள். காய்ந்த சிலிக்கன்மேல் புதியது ஒட்டாது. பழையதின்மேல் பூசி விடுவதுதான் நாங்கள் அதிகம் காண்கிற வீண்வேலை. மூடிக்கிடந்த வீட்டில் கறுத்த பூஞ்சணம் இருக்கும். பிளீச்சிங் திரவத்தால் தேய்த்துக் கழுவுங்கள். கொமட் கழுவும் அமிலத்தை அதனோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புகிற குளோரின் வாயு சிறிய அறையில் ஆளையே வீழ்த்தும்.

பிறகு காய விட வேண்டும். வத்தேகம ஈரத்தில் பொறுமையைச் சோதிப்பது இந்தக் கட்டம்தான். ஒரு முழு நாள் அங்கே தண்ணீர் ஊற்றாமல், கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஒரு டிஷ்யூ தாளை மூலையில் அழுத்திப் பாருங்கள். அது நனைந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த பின் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடையுங்கள். இடைவெளி ஆழமாக இருந்தால் பொதிகளில் வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளைக் கயிறாகச் சுருட்டி உள்ளே தள்ளி, மேலே பூசுங்கள். சிலிக்கன் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டினால்தான் இழுபட்டுக் கொடுக்கும், அடியிலும் ஒட்டினால் கிழியும்.

இடைவெளியின் இரு பக்கமும் 3 மில்லிமீற்றர் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நேர்த்தி வருவது இந்த டேப்பால்தான், கைப்பழக்கம் இல்லாதவருக்கும் கோடு நேராக வரும். டியூபின் மூக்கைச் சரிவாக, நீங்கள் நினைப்பதைவிடச் சிறிதாக வெட்டுங்கள். போதாவிட்டால் மீண்டும் வெட்டலாம், பெரிதாக வெட்டியதைத் திருப்பி ஒட்ட முடியாது. ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை நிறுத்தாமல், ஒரே வேகத்தில் இழுங்கள். உடனே, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே ஒரு தரம் தடவுங்கள். மறுபடி மறுபடி தடவினால் அலையலையாகும். இனிப் பூச வேண்டிய இடத்தில் அந்தத் தண்ணீர் படக்கூடாது. பூசியது ஈரமாக இருக்கும்போதே டேப்பை இழுத்தெடுங்கள். பத்து நிமிடம் தாமதித்தால் மேலே தோல் கட்டி, டேப்போடு உரிந்து வரும். கையில் பட்டதைத் தண்ணீரால் கழுவாமல் முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். வினாகிரி மணம் கண்ணை எரிக்கும், குழந்தைகளை அன்று அந்தப் பக்கம் விடவேண்டாம்.

சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. பூசிய பின் பனியோ மழைக்குளிரோ அதைக் கெடுக்காது, மேலே கொட்டும் தண்ணீர்தான் கெடுக்கும். குறைந்தது 24 மணித்தியாலம் குளியலை அயல்வீட்டிலோ பீலியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஆழம்தான் இறுகும் என்பதால், தடித்த இடங்களுக்கு இன்னும் இரண்டு நாள் கொடுங்கள்.

கொமட்டின் அடியைச் சுற்றிப் பூசும்போது பின்பக்கத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். உள்ளே கசிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வெளியே தெரியும். முழுவதும் அடைத்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் தரைக்குள் இறங்கும்.

காய்ந்ததும் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி, மறுநாள் வெளிச்சுவரின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அப்படியே கழிவுநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். மூலையை அடைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் சரிவின் விளிம்பில் விழவிட்டால் அதே தண்ணீர்தான் அதே மண்ணுக்குள் போகும். கானுக்கோ சீமெந்து வாய்க்காலுக்கோ குழாயை நீட்டிவிடுங்கள்.

மிஞ்சிய டியூபின் மூக்கில் ஒரு நீள ஆணியைச் செருகி பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் சில வாரம் கெடாது. அடுத்த முறை ஆணியை இழுத்தால் இறுகிய துண்டும் அதோடு வந்துவிடும். அயலில் வீடு திருத்துபவர்களுக்கு கன்னோடு சேர்த்தே கொடுக்கலாம்.