ஞானப்பல் எடுத்த பிறகு ருசி தெரியலையா? முதல்ல நாக்கைத் தொட்டுப் பாருங்க!

ஞானப்பல் எடுத்து நாலு நாள் ஆச்சு. வீக்கம் வத்திடுச்சு. ஆனா ரசம் வெந்நீர் மாதிரி இருக்கு, தண்ணி குடிச்சா இரும்பு வாசம் வருது. 'நரம்பு போயிடுச்சோ?' என்று இந்நேரம் கூகுளில் தேட ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்க.

பல நேரம் காரணம் மருந்துச் சீட்டிலேயே இருக்கும். வாய் கொப்பளிக்கத் தரும் குளோர்ஹெக்சிடின், உப்பையும் கசப்பையும் மட்டுப்படுத்தும். மெட்ரோனிடசோல் மாத்திரை வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும். காயத்தில் கசியும் ரத்தமும் அப்படித்தான். மருந்து முடிந்ததும் இது தானாகச் சரியாகும். அதுக்காக மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க.

கவனிக்க வேண்டியது மரத்துப்போவதைத்தான். கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு உள்பக்கமாக, எலும்பை ஒட்டியே நாக்கு நரம்பு ஓடுகிறது. நாக்கின் முன்புற மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடுஉணர்வு தருவது இதுதான். அதே பகுதியின் சுவையை மூளைக்குச் சொல்லும் கார்டா டிம்பானி என்ற மெல்லிய நரம்பும் இதனுடன் சேர்ந்தே போகிறது. ஒரே பைப்புக்குள் ரெண்டு ஒயர் மாதிரி. எனவே அங்கே அடிபட்டால், பெரும்பாலும் ருசி மட்டும் தனியாகப் போகாது. நாக்கின் அந்தப் பக்கமும் மரத்துப்போகும். மேல்தாடைப் பல் என்றால் இந்த நரம்பு பக்கத்திலேயே இல்லை.

குமாரபாளையத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் பள்ளிபாளையம் சிக்கனை வைத்துச் சொன்னால் புரியும். அந்த வரமிளகாய்க் காரம் உண்மையில் சுவையே இல்லை, எரிச்சல். அது போவது தொடுஉணர்வு ஒயரில். உப்பு மந்தமாக இருந்து, காரம் மட்டும் நாக்கின் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உறைத்தால், நரம்பைவிட மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்கணும். டெஸ்ட் பண்றேன்னு புண்ணோடு மிளகாயைக் கடிக்காதீங்க! கையைக் கழுவிவிட்டு, நாக்கின் இரு பக்கமும் விரலால் தொட்டுப் பார்த்தாலே போதும்.

மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரம்தான். மறுநாளும் நாக்கு மரத்தே இருந்தால் பல் எடுத்த டாக்டருக்கு போன் போடுங்க. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். அப்படித் திரும்பாத சிலருக்கு நரம்பைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதைத் தள்ளிப்போடப் போட பலன் குறையும். 'தானா சரியாயிடும்' என்று ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மூணாம் நாள் வலி குறையாமல் கூடி, காதுவரை இழுத்து, வாய் நாறினால் கதை வேறு. பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம் கழன்றிருக்கலாம். அன்றைக்கே போய்க் காட்டுங்க. குமாரபாளையத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு, தூரம் ஒரு சாக்கு இல்லை.

ஒரு ஆச்சரியமும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஞானப்பல் எடுத்த 891 பேரையும் எடுக்காத 364 பேரையும் ஒப்பிட்டார்கள். எடுத்தவர்களுக்குச் சுவை உணர்வு 3 முதல் 10 சதவீதம்வரை கூடுதலாக இருந்தது, அதுவும் 20 வருஷம் கழித்தும்! ஏன் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. பிரியாணி இன்னும் ருசிக்கும்னு நல்ல பல்லைப் பிடுங்கிக்க வேண்டாம்.