மெய்யியல் கல்வியில் வரலாறும் பொருண்மையும்: அளவையியலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகங்களில் மெய்யியல் இருவகையாகக் கற்பிக்கப்படுகிறது. மரபுகளைக் கால வரிசையில் விளக்குவது ஒருவகை. அறிவு, உயிர், அறம் முதலிய பொருண்மைகளை எடுத்துக்கொண்டு அவற்றின்மேல் எழுந்த வாதங்களை ஆராய்வது மற்றொரு வகை. இவ்விரு முறைகளின் பயனையும் எல்லையையும், மணிமேகலை, சிவஞான சித்தியார் ஆகிய நூல்கள் கூறும் அளவைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்யியல் கல்வி, அளவை, மணிமேகலை, சிவஞான சித்தியார், உரையளவை.

முன்னுரை

இந்திய மெய்யியலைப் பல்கலைக்கழகப் பாடமாக வடிவமைத்ததில் வரலாற்று நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இராதாகிருஷ்ணன் 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலும், சுரேந்திரநாத் தாஸ்குப்தா 1922 முதல் ஐந்து தொகுதிகளாக எழுதிய வரலாறும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவ்வரலாறுகளில் தமிழ்ச் சைவ மரபு இறுதிப் பகுதியிலேயே இடம்பெறுகிறது. இராதாகிருஷ்ணன் அதனை இரண்டாம் தொகுதியின் பிற்பகுதியில் பேசுகிறார். தாஸ்குப்தாவின் தென்னிந்தியச் சைவம் பற்றிய ஐந்தாம் தொகுதி, அவரது மறைவுக்குப் பின் 1955இல் வெளிவந்தது.

வரிசையில் பின்னால் நிற்பது ஒரு மரபுக்கு இழிவாகாது. எனினும் மரபுகளைத் தனித்தனி இயல்களாகப் படிக்கும் மாணவர், அவை ஒன்றோடொன்று வாதிட்டு வளர்ந்தவை என்பதை எளிதில் மறந்துவிடுகிறார். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இவ்விடர் இரட்டிப்பாகிறது. மணிமேகலை காப்பியமாக இலக்கிய வகுப்பிலும், சித்தியார் சாத்திரமாகச் சித்தாந்த வகுப்பிலும் பயிலப்படுமாயின், இரண்டும் ஒரே வினாவை எதிர்கொண்டவை என்பது புலப்படாமற் போகிறது.

பிறர் மதம் கூறும் மரபு

ஒரு கோட்பாட்டை நிறுவுமுன் பிற கோட்பாடுகளை எடுத்துரைப்பது இந்திய மெய்யியலின் பொது நெறி. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையைக் கூறுகின்றனர். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலோகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு மதங்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மதத்தையும் முதலில் அதன் கூற்றாகவே உரைத்துப் பின்னரே மறுக்கிறது.

இந்நூல்கள் மரபுகளை வாத முறையில் வரிசைப்படுத்துகின்றனவே அன்றிக் கால முறையில் வரிசைப்படுத்தவில்லை. ஆகவே இவற்றை வரலாற்றுச் சான்றுகளாக மட்டும் படிப்பது போதாது. எந்த வினாவுக்கு விடையாக இவ்வரிசை அமைந்தது என்றும் கேட்க வேண்டும்.

பத்து, ஆறு, மூன்று, இரண்டு

அறிவு எவ்வழியால் பிறக்கிறது என்னும் வினாவே அளவையியலின் அடிப்படை. மணிமேகலையின் அளவைவாதி, வேதவியாசர் பத்து அளவைகளும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டனர் என்கிறார். அவற்றுள் காட்சி, அனுமானம், ஆகமம், உவமானம், அருத்தாபத்தி, அபாவம் ஆகிய ஆறுமே தம் காலத்தில் வழங்குவன என்றும் குறிப்பிடுகிறார். ஆனால் 29ஆம் காதையில் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் அறவண அடிகள், புத்தர் கொண்ட அளவைகள் காட்சியும் கருதலுமாகிய இரண்டே என்றும், ஏனையவை கருதலுள் அடங்கும் என்றும் கூறுகிறார்.

சித்தியாரின் சுபக்கத் தொடக்கத்தில் உள்ள அளவைப் பகுதியும் இதே கணக்கை மேற்கொள்கிறது. அளவைகள் ஆறு என்பாரையும், மேலும் நான்கு சேர்த்துப் பத்து என்பாரையும் சுட்டியபின், அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என அருணந்தியார் முடிவு செய்கிறார்.

இரு நூல்களும் பத்தைச் சுருக்குகின்றன. பௌத்தம் இரண்டில் நிற்கிறது, சைவம் மூன்றில் நிற்கிறது. எண்ணிக்கையில் இவ்வேறுபாடு சிறிது; கருத்தில் பெரிது. உரை தனி அளவையா என்பதே இங்கு எழும் வழக்கு. பிறர் சொல்லால் பெறும் அறிவு கருதலின் ஒரு வகையே எனில், சொல்லை ஏற்பதற்கும் சான்று வேண்டும். காட்சியாலும் கருதலாலும் எட்டாத பொருள் உண்டு, அதனை உரையே காட்டும் எனில், ஆகமம் தன் வலிமையால் நிற்கும். சித்தியார் உரையைத் தந்திரம், மந்திரம், உபதேசம் என மூவகையாக்குவதும் இதன்பொருட்டே. எனவே அளவைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது, மெய்ப்பொருள் பற்றிய முடிவுக்கு வழிவகுப்பதாகிறது.

காட்சி ஒன்றே போதும் என்பாரை மணிமேகலை எதிர்கொள்ளும் இடமும் இவ்வகையில் கருதத்தக்கது. பூதவாதியின் தாய் தந்தையரை இன்னார் என்று கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவது என அவள் வினவுகிறாள். இவ்வெளிய வினா, காட்சியை மட்டும் நம்பி வாழ்வோர் உலகில் எவரும் இலர் என்பதை உணர்த்துகிறது.

ஒப்பீட்டின் எல்லை

பொருண்மை முறையின் சிறப்பு ஒப்பீட்டில் வெளிப்படுகிறது. பிறர் சான்றுரையை நம்புவதற்கு அனுபவமே அடிப்படை என்று 1748இல் வெளியிட்ட நூலில் டேவிட் ஹியூம் வாதிட்டார். பிறர் சொல்லை நம்புவது மனித இயல்பில் அமைந்த மூலநெறி என்று 1764இல் தாமஸ் ரீட் எழுதினார். உரையைக் கருதலுள் அடக்கும் பௌத்தத்தை ஹியூமுடனும், அதனைத் தனியே நிறுத்தும் சித்தியாரை ரீடுடனும் இணைத்துக் காண மாணவர் விழைவது இயல்பு.

முதல் ஒப்புமை ஓரளவு பொருந்தும். இரண்டாவது எளிதில் பிழைபடும். ரீட் பேசுவது அன்றாட வாழ்வில் ஒருவர் மற்றொருவரிடம் கூறும் சான்றுரையை. சித்தியார் உரை என்பது இறைவன் அருளிய நூலை முதன்மையாகக் கொண்டது. சொல் ஒத்திருப்பதால் பொருளும் ஒத்ததாகாது. இவ்வேறுபாட்டைக் காட்டுவது வரலாற்று அறிவு: அந்நூல் எம்மரபில் எழுந்தது, எவரை மறுத்தது, எந்நூலைச் சான்றாகக் கொண்டது என்பன தெரிந்தால்தான் ஒப்பீடு நிலைபெறும்.

வரலாற்று அறிவின் இன்றியமையாமைக்கு மணிமேகலைப் பதிப்பே சான்று. 1898இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பௌத்தக் கருத்துகளைத் தெளிய மளூர் ரங்காசாரியரின் துணையை நாடினார். 29ஆம் காதை கூறும் பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என்னும் பகுப்பு, சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் கூறும் பகுப்போடு ஒத்திருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டினர். வடமொழித் தருக்க நூல்களின் துணையின்றி இக்காதையின் பொருள் முழுமையாக விளங்காது.

முடிவுரை

பொருண்மையை விட்ட வரலாறு, மதங்களின் பெயர்ப்பட்டியலாகச் சுருங்குகிறது. வரலாற்றை விட்ட பொருண்மை, சொல்லொற்றுமையைக் கருத்தொற்றுமை எனக் கொள்கிறது. அளவையியலைக் கற்பிக்கும்போது மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளையும் சித்தியாரின் அளவைப் பகுதியையும் ஒருங்கே வைத்து, உரை தனி அளவையா என்னும் வினாவை மாணவர்முன் நிறுத்தலாம். நூலை அதன் மரபில் வைத்துப் படித்தபின், அவ்வினாவைப் பிற மரபுகளிடமும் கேட்கலாம். அவ்வாறு கற்பிக்கும்போது தமிழ் நூல்கள் இந்திய மெய்யியல் வரலாற்றின் பிற்சேர்க்கையாக நில்லாமல், அறிவு பற்றிய வாதத்தில் தமக்குரிய இடத்தைப் பெறும். இலக்கியத் துறையும் மெய்யியல் துறையும் கூடிச் செய்யத்தக்க பணி இது.