பழைய காரும் வளைகுடாச் சூடும்: மாற்றுமுன் அளந்து பாருங்கள்



நான் கணக்காளன், மெக்கானிக் அல்ல. ஆனால் அல்கோரிலிருந்து ராஸ் லஃபானுக்கு வேலைக்கு ஓடிய என் பழைய நிசான் சன்னி கொஞ்சம் படிப்பித்திருக்கிறது. அதைத்தான் இந்த மாத உரையில் சொன்னேன். கேட்கத் தவறியவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒருநாள் காலை கார் ஸ்ராட் ஆகவில்லை. புதுப் பற்றரி போட்டேன். மூன்று கிழமையில் அதுவும் படுத்துவிட்டது. ஒரு கராச்சில் ஓல்ற்றனேற்றரை மாற்றச் சொன்னார்கள். கையில் இருந்ததோ ஊருக்கு அம்மாவுக்கு அனுப்ப வைத்த காசு. அறையில் இருந்த மட்டக்களப்புத் தம்பி, "அண்ணை, முதல்ல அளந்து பாப்பம்" என்று மல்ற்றிமீற்றரோடு வந்தான்.

நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். என் பற்றரியில் 12.9தான். ஓல்ற்றனேற்றரிலேயே வைத்து அளந்தால் 14.2! இடையில் எங்கோ கசிவு. லைற்றைப் போட்டு, எஞ்சின் உடம்புக்கும் பற்றரியின் நெகற்றிவ் முனைக்கும் இடையில் அளந்தான். அங்கே 0.2க்கு மேல் வரக்கூடாது. ஒரு வோல்ற்றுக்கு மேல் வந்தது. எர்த் வயர் கடற்காற்று உப்பில் அரித்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கினோம். செலவு ஒன்றுமில்லை. பற்றரிக் காசு போனது போனதுதான்.

குளிர்தான் பற்றரியைக் கொல்லும் என்று கனடா, நோர்வே உறவினர் சொல்வார்கள். உண்மையில் கோடைச் சூடுதான் அதை உள்ளுக்குள் அரிக்கிறது. குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இனி எஞ்சின் சூடு. வரிசையில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் றேடியேற்றர் ஃபானைச் சந்தேகியுங்கள்: முதலில் பியூஸ், பிறகு றிலே. அதே மாதிரி றிலே ஹோர்னுக்கும் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். வேகமாக ஓடும்போதும் ஏறினால் தண்ணீர்க் குறைவு, அடைபட்ட றேடியேற்றர், தண்ணீர்ப் பம்ப்.

நடுவழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழுதாகப் போடுங்கள். பிள்ளைகள் கத்துவார்கள். ஆனால் ஹீற்றரும் ஒரு சின்ன றேடியேற்றர்தான். எஞ்சின் சூட்டை வெளியே இழுக்கும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும். நண்பகலில் வெயிலில் நின்று திருத்தவும் வேண்டாம். கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை செய்விப்பதே தடை. நிழல் தேடுங்கள், தண்ணீர் குடியுங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

குளிர்நாட்டு நேயர்களுக்கு: ஹீற்றர் குளிர்காற்றே ஊதினால் முதலில் றேடியேற்றர்த் தண்ணீரைப் பாருங்கள், எஞ்சின் ஆறியபின். அது சரியென்றால், திறந்தபடி இறுகிய தேர்மோஸ்ராற்றாக இருக்கலாம். காற்று உச்ச வேகத்தில் மட்டும் வந்தால், புளோவர் றெசிஸ்ரர் என்ற மலிவான சின்னத் துண்டுதான் பெரும்பாலும் போயிருக்கும்.

பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று பெரிய பியூஸ் போட்டுவிடாதீர்கள். அடுத்து எரிவது வயராக இருக்கும்.