பேய்க்கே கிச்சுகிச்சு மூட்டிய படம்!

வெள்ளை முகமூடி... கறுப்பு அங்கி... கையில் கத்தி. போனில் ஒரு கரகர குரல். வீட்டில் தன்னந்தனியா ஒரு பொண்ணு. 1996-ல் வந்த 'ஸ்க்ரீம்' பார்த்து அமெரிக்கக் காலேஜ் பசங்க வெலவெலத்துப் போனது இதுக்குத்தான். நாலே வருஷம்... 2000 ஜூலையில் அதே முகமூடி, அதே போன். ஆனா, தியேட்டர் முழுக்க வெடிச்சிரிப்பு. அந்தப் படம்தான் 'ஸ்கேரி மூவி'!

முதல் காட்சியிலேயே ரகளை ஆரம்பம். கொலைகாரன்கிட்ட இருந்து தப்பிக்க ஓடுது பொண்ணு. மேஜை மேல துப்பாக்கி, கத்தி, கையெறி குண்டு எல்லாம் வரிசையா இருக்கு. பொண்ணு எடுக்கிறது... வாழைப்பழம்! வெளியே ஓடினா ரெண்டு பாதை. ஒரு போர்டில் 'பாதுகாப்பு', இன்னொண்ணில் 'மரணம்'. எந்தப் பக்கம் ஓடியிருக்கும்னு சொல்லணுமா என்ன? பேய்ப்பட நாயகிகள் எப்பவுமே தப்பான கதவைத்தானே திறப்பாங்க!

சொந்தக் காசில் சொந்தக் கிண்டல்

சுவாரஸ்யமான சேதி ஒண்ணு. 'ஸ்க்ரீம்' கதையை கெவின் வில்லியம்சன் எழுதினப்போ, அதுக்கு வெச்ச பேரே 'ஸ்கேரி மூவி'தான்! அப்புறம்தான் பேர் மாறிச்சு. ரெண்டு படத்தையும் வெளியிட்டதும் ஒரே நிறுவனம், டைமன்ஷன் ஃபிலிம்ஸ். அதாவது, பயமுறுத்திக் கல்லா கட்டினவங்களே, வேண்டாம்னு ஒதுக்கின பேரைத் தூசு தட்டி எடுத்து, தங்கள் படத்தைத் தாங்களே ஓட்டி, ரெண்டாவது தடவையும் கல்லா கட்டினாங்க.

செலவு சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர். முதல் வாரக் கடைசியில் மட்டும் அமெரிக்காவில் வசூல் 4 கோடியே 23 லட்சம் டாலர். அதுவரை வந்த 'ஆர்' ரேட்டிங் படங்களில் அதுதான் பெரிய ஓப்பனிங். உலகம் முழுக்கச் சேர்த்தா 27 கோடி டாலருக்கு மேல!

இயக்கினவர் கீனன் ஐவரி வேயன்ஸ். எழுதின ஆறு பேரில் ரெண்டு பேர் அவரோட தம்பிகள் ஷான், மார்லன். நடிச்சதும் தம்பிகளே. நியூயார்க்கில் வளர்ந்த கறுப்பினக் குடும்பம். இதை ஏன் அழுத்திச் சொல்றோம்னா, ஹாலிவுட் பேய்ப்படங்களில் கறுப்பினக் கேரக்டர்னா சீக்கிரமே காலி ஆயிடும்ங்கிறது பழைய வழக்கம். அந்த வழக்கத்தை அவங்களே கையில் எடுத்துக் கலாய்ச்சாங்க. 'ஸ்க்ரீம் 2'-ல் தியேட்டருக்குள்ள ஒரு கறுப்பினப் பெண் கொல்லப்படுவா. இங்கே பிரெண்டாவா வர்ற ரெஜினா ஹால் தியேட்டரில் சத்தமா பேசிப் பேசியே எல்லோரையும் வெறுப்பேத்த, முகமூடிக்காரனுக்கு முன்னாடி படம் பார்க்க வந்த ஜனங்களே கத்தியை எடுத்துடுறாங்க! சிரிச்சு முடிச்சப்புறம் கொஞ்சம் யோசிக்க வைக்கிற இடம் அது.

'பாஸ்' பட்டன் புண்ணியம்

2000 டிசம்பரில் படம் கேசட்டாகவும் டி.வி.டி-யாகவும் வீட்டுக்கு வந்தது. இந்த மாதிரிப் படத்துக்கு உண்மையான வீடே அதுதான். எப்படி? ஸ்பூஃப் படம் பார்த்துச் சிரிக்கணும்னா, ஒரிஜினல் நமக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். 'தி மேட்ரிக்ஸ்', 'தி சிக்ஸ்த் சென்ஸ்', 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'னு வரிசையா வாரும்போது, 'அட, இது அந்த சீன்!'னு பொறி தட்டணும். வாடகை கேசட்டில் ஒரே படத்தை நாலு தடவை தேய்ச்ச தலைமுறைதான் அந்த ரசிகர் கூட்டம். அதோட, பின்னணிச் சுவரில், போர்டில் ஒளிஞ்சிருக்கிற ஜோக்குகளை நிறுத்தி நிதானமா படிக்க 'பாஸ்' பட்டன் வேணும். தியேட்டரில் அது கிடையாதே!

இன்னொரு பக்கமும் இருக்கு. 'ஆர்' ரேட்டிங்னா 17 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க பெரியவங்க துணையோடதான் தியேட்டருக்குப் போகணும். படத்தில் இருக்கிற ஆபாச ஜோக்குகளைப் பார்த்துட்டு, 'இதுக்கு எப்படி வெறும் ஆர் கொடுத்தாங்க?'ன்னு அப்பவே விமர்சகர்கள் கேட்டாங்க. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் இருக்கார். வீட்டு ஹாலில் யார் இருக்கா?

அந்த ஓட்டையைக் கம்பெனிகள் நல்லாவே புரிஞ்சுக்கிட்டாங்க. 2003-ல் மூணாவது பாகம். வேயன்ஸ் சகோதரர்கள் போய், 'ஏர்பிளேன்!' புகழ் டேவிட் ஜுக்கர் வந்தார். ரேட்டிங்கும் 'பிஜி-13'-ஆ இறங்கிச்சு. பள்ளிக்கூடப் பசங்க தியேட்டரை நிரப்பினாங்க. அப்புறம் அதே படம் '3.5'னு பேர் வெச்சு, 'அன்ரேட்டட்' முத்திரையோட டி.வி.டி-யாக வந்தது. தியேட்டரில் நல்ல பிள்ளை, டிஸ்க்கில் குறும்புக்காரன்!

இங்கே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. 'அன்ரேட்டட்'னா 'படு மோசம்'னு அர்த்தம் இல்லை. அந்த வெர்ஷனை ரேட்டிங் குழுவுக்கு அனுப்பலை, அவ்வளவுதான். கூடுதலா சேர்ந்தது உப்புச்சப்பில்லாத ரெண்டு நிமிஷமா கூட இருக்கலாம். அட்டையில் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து ஏற்கெனவே பார்த்த படத்தைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கினவங்க, உண்மையில் வாங்கினது ஆர்வக்கோளாறைத்தான்!

சிரிப்பும் நெளிசலும்

முதல் பாகத்தின் விளம்பரமே 'இரக்கம் இல்லை, வெட்கம் இல்லை, அடுத்த பாகமும் இல்லை'ங்கிற ரீதியில்தான் இருந்தது. மறு வருஷமே, 'பொய் சொல்லிட்டோம்'னு சிரிச்சுக்கிட்டே ரெண்டாம் பாகம் வந்து நின்னது! ஆனா, அவசர சமையல். வசூல் ஏறக்குறைய பாதியாச்சு. 2013-ல் ஐந்தாம் பாகம் வந்தப்போ நிலைமையே வேற. ஒரு படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆனா, சனிக்கிழமைக்குள்ள நெட்டில் நூறு பேர் அதை ஓட்டிடுறாங்க. ஒரு வருஷம் உட்கார்ந்து ஸ்பூஃப் எடுத்தா ஜோக் ஊசிப் போயிடுது.

இன்னிக்கு முதல் பாகத்தைப் பார்த்தா எல்லா ஜோக்கும் இனிக்காது. ஒருபால் விருப்பத்தை வெச்சும், மனவளர்ச்சி குறைந்தவர் போல நடிக்கிற கேரக்டரை வெச்சும் அடிக்கிற கிண்டல் நெளிய வைக்கும். கறுப்பினத்தவரைப் பேய்ப்படங்கள் நடத்தின விதத்தைத் தட்டிக் கேட்ட அதே படம், இன்னொருத்தரைச் சுலபமா மட்டம் தட்டிட்டுப் போகுது. பலம் உள்ளவனைக் கலாய்க்கும்போது வர்ற சிரிப்பு இருபது வருஷம் தாண்டியும் நிக்குது. அடிபட்டவனைக் கலாய்ச்ச சிரிப்பு அவ்வளவு நாள் தாங்கலை.

பார்க்கணும்னு தோணுதா? 18 தாண்டியிருந்தா பாருங்க. முதல் நாள் ராத்திரி 'ஸ்க்ரீம்', மறுநாள் ராத்திரி இது. வரிசையை மாத்திடாதீங்க. மாத்தினா, கத்தியோட நிக்கிற அந்த முகமூடியைப் பார்த்து ஆயுசுக்கும் உங்களுக்குப் பயமே வராது!