மோட்டார் வண்டியின் சுக்கான்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

குதிரைக்குக் கடிவாளம், கப்பலுக்குச் சுக்கான், மோட்டார் வண்டிக்கு ஸ்டீயரிங். புனித யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மனிதரின் நாவைப் பற்றிச் சொல்ல வரும்போது, முதல் இரண்டையும் உவமையாக எடுத்துக்கொள்கிறார். சிறிய பொருள் ஒன்று மிகப் பெரிய பொருளைத் திருப்பிவிடும் என்பதே அதன் கருத்து. அவர் காலத்தில் மோட்டார் வண்டி இருந்திருந்தால் மூன்றாவதையும் சேர்த்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. பத்து டன் சுமை ஏற்றிய லாரியை ஒரு மனிதர் தம் இரு கைகளால் திருப்பிவிடுகிறார் அல்லவா?

நாம் வாழும் பகுதி வண்டிகளின் பூமி. 1980-ஆம் ஆண்டு ஓசூரில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை லாரிகளைச் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரிலிருந்து வெளிவந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகள் எத்தனையோ உள்ளன. நம் பள்ளியில் பயிலும் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும், இப்போது அக்காமாரும்கூட, அங்கே பணி செய்கின்றனர். வண்டி செய்யும் ஊரில் வளரும் நாம், வண்டி எவ்வாறு திரும்புகிறது என்பதை அறிந்திருக்க வேண்டாமா? அதைவிட முக்கியமாக, அது சரியாகத் திரும்பாமல் போகும் முன் நமக்கு என்னென்ன அறிகுறிகளைக் காட்டுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதை விளக்கவே இக்கட்டுரை.

தேரும் காரும்

ஓசூர் மலைமேல் உள்ள சந்திரசூடேஸ்வரர் கோயிலின் தேர்த்திருவிழாவை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தேரின் சக்கரங்கள் இடமோ வலமோ திரும்பாதவை. ஆகவே வீதி முனையில் தேரைத் திருப்ப, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டு, தேரையே சறுக்கித் திருப்புகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்தும் ஒரு திருப்பத்தைக் கடக்க நெடுநேரம் ஆகிறது.

பழைய காலத்து நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் உள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். வேகமாகத் திருப்பினால் வண்டி குடைசாய்ந்துவிடும். ஜெர்மனியில் மியூனிக் நகரைச் சேர்ந்த லாங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டித் தச்சர் இதற்கு ஒரு வழி கண்டார். அச்சு அசையாமல் நிற்க, அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்புமாறு அமைத்தார். இங்கிலாந்தில் அவருக்காக 1818-இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். அதனால் கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, ‘ஆக்கர்மன் அமைப்பு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கார் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. எனவே இரண்டும் ஒரே அளவு திரும்பினால் டயர் சாலையில் தேயும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டரும், இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.3 மீட்டரும் உள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதன் பின் அச்சின் நடுப்பகுதி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லட்டும். நாம் முக்கோணவியலில் படித்த டேன்ஜெண்ட் கணக்கைப் போட்டால், உட்புறச் சக்கரம் சுமார் 24 பாகையும் வெளிப்புறச் சக்கரம் சுமார் 20 பாகையும் திரும்ப வேண்டும் என்று விடை வருகிறது. இந்த நான்கு பாகை வேறுபாட்டை ஆக்கர்மன் அமைப்பு தானாகவே தந்துவிடுகிறது. வீட்டில் சும்மா நிற்கும் காரின் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பச் சொல்லி, முன்னால் நின்று பாருங்கள். இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததைக் காணலாம்.

கையிலிருந்து சக்கரம் வரை

ஓட்டுநர் தம் இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைச் சுழற்றும்போது, ஒரு கை மேலேயும் மற்றது கீழேயும் தள்ளுகிறது. இதைத்தான் நம் அறிவியல் பாடத்தில் ‘இரட்டை’ என்று படிக்கிறோம். ஒவ்வொரு கையும் 20 நியூட்டன் விசை தந்து, ஸ்டீயரிங்கின் விட்டம் 0.38 மீட்டராக இருந்தால், திருப்புத்திறன் 7.6 நியூட்டன் மீட்டர். இது சக்கரங்களைத் திருப்பப் போதாது. ஆகவே பற்சக்கரங்களின் உதவி தேவைப்படுகிறது.

ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. கார்களில் அதன் முனையில் ‘பினியன்’ என்னும் சிறு பற்சக்கரம் இருக்கும். அது ‘ரேக்’ என்னும் பல் வெட்டிய நீண்ட இரும்புத் தண்டை இடமும் வலமும் நகர்த்தும். 1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய கார்கள் வரை பெரும்பாலானவற்றில் இம்முறைதான். லாரிகளில் ‘ஸ்டீயரிங் பாக்ஸ்’ என்ற இரும்புப் பெட்டிக்குள் ஒரு திருகும், அதன் மேல் நகரும் மரையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டு உராய்வைக் குறைக்கும்.

ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை சுழற்றினால் சக்கரம் 20 பாகைதான் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 18-க்கு 1. கை அதிகத் தூரம் நகர்கிறது, சக்கரம் குறைந்த தூரம் நகர்கிறது. அதற்கு ஈடாக விசை பெருகுகிறது.

ரேக்கின் இரு முனைகளிலும் ‘டை ராடு’ என்ற கம்பிகள் உண்டு. அவை சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு சேரும் இடத்தில் ‘பால் ஜாயிண்ட்’ இருக்கிறது. உயிரியலில் நாம் படிக்கும் பந்துக் கிண்ண மூட்டைப் போன்றதே அது. நம் தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழியில் எப்பக்கமும் சுழல்வது போல, இங்கே ஓர் இரும்பு உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் சுழல்கிறது. உள்ளே கிரீஸ், வெளியே அதைக் காக்கும் ரப்பர் உறை. உறை கிழிந்தால் மண்ணும் மழைநீரும் உள்ளே புகும், கிரீஸ் போய்விடும், கிண்ணம் தேயும். மூட்டுவலி மனிதருக்கு மட்டும் உரியதன்று!

பவர் ஸ்டீயரிங்

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டீயரிங்குக்கு உதவும் முறையைச் செய்து காட்டினார். 1951-இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் கார் அவ்வசதியுடன் விற்பனைக்கு வந்தது. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி, நம் கையோடு சேர்ந்து ரேக்கைத் தள்ளுகிறது. 1988-இல் ஜப்பானின் சுசூகி நிறுவனம் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரைப் பயன்படுத்தும் ஸ்டீயரிங்கைச் சிறிய காரில் கொண்டுவந்தது. இன்றைய கார்களில் இதுவே பெருகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயை நாம் அறிவோம். அந்தச் சரிவில் நடந்த விபத்துகள் பற்றிய செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்! டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நிற்கும், ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும், பிரேக்கின் துணையும் குறையும். சாவியை எடுத்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்டீயரிங் பூட்டே விழுந்துவிடும். ஒரு லிட்டர் டீசலுக்காக இத்தனை உயிர்களைப் பணயம் வைக்கலாமா?

வண்டி சொல்லும் அறிகுறிகள்

ஸ்டீயரிங் ஒரே நாளில் கெடுவது அரிது. காய்ச்சல் வருமுன் உடம்பு வலிப்பது போல, அது பல நாள் முன்பே சொல்லிவிடுகிறது. அவ்வறிகுறிகளை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, ஆட்டம். பட்டறைக்காரர்கள் இதைப் ‘பிளே’ என்பார்கள். ஸ்டீயரிங்கைச் சிறிது அசைத்தும் சக்கரம் அசையாமல் இருந்தால், அந்த வெற்று அசைவே பிளே. ஸ்டீயரிங் வட்டத்தின் விளிம்பில் இது 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பல கார்களின் கையேடுகள் கூறுகின்றன. மிகுந்தால் டை ராடு முனையோ, பால் ஜாயிண்ட்டோ, ஸ்டீயரிங் பாக்ஸோ தேய்ந்திருக்கலாம்.

இரண்டாவது, ஒரு பக்கம் இழுத்தல். நேரான சாலையில் வண்டி தானாக இடமோ வலமோ போகும். முதலில் டயர்களின் காற்றைப் பார்க்க வேண்டும். காற்று சரியாக இருந்தால் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஒரு பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படி இழுக்கும்.

மூன்றாவது, நடுக்கம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் சக்கரத்தின் எடை சமநிலை தவறியிருக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கனம். முன் டயரில் காற்றுக் குறைவு, பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் குறைவு, பெல்ட் தளர்வு, மூட்டுகளில் கிரீஸ் இன்மை ஆகியவை காரணமாகலாம். மின்மோட்டார் உள்ள காரில் ஸ்டீயரிங் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு எரியும்.

ஐந்தாவது, ஓசை. மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ என்று தட்டினால் தேய்ந்த மூட்டாக இருக்கலாம். திருப்பும்போது முனகினால் பம்பையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும்.

ஆறாவது, திரும்பி வராமை. திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராக வர முயலும். அவ்வாறு வராமல் நின்றுவிட்டால் எங்கோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது, அல்லது சக்கரத்தின் கோணம் மாறியிருக்கிறது.

ஏழாவது, டயர் தேய்மானம். டயரின் உள் விளிம்போ வெளி விளிம்போ மட்டும் வழுக்கையானால் அலைன்மெண்ட் தவறிவிட்டது என்று பொருள். இதைக் காண ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, குனிந்து பார்த்தால் போதும்.

இவற்றோடு, நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மாம்பழப் பருவத்தில் சிறு சரக்கு வண்டிகளின் பின்புறம் பெட்டிகளை வானளாவ அடுக்குகிறார்கள். பின்பாரம் மிகும்போது முன் சக்கரங்கள் சாலையை அழுத்துவது குறைகிறது. அப்போது ஸ்டீயரிங் பூப்போல இலேசாக இருக்கும். ஆனால் அது நல்ல அறிகுறி அன்று. திருப்பினாலும் டயருக்குப் பிடிப்பு இராது.

பயணியின் கடமை

‘ஓட்டுகிறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது?’ என்று சிலர் கேட்கலாம். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தோழியர் சிலர் வரும் வேனில் நடந்ததைக் கேளுங்கள். இடப்பக்க முன் சக்கரத்தருகே இரண்டு வாரமாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அண்ணன் வலப்பக்கம் அமர்ந்திருப்பவர். எஞ்சின் இரைச்சலிலும் பிள்ளைகளின் கூச்சலிலும் அவருக்கு அது கேட்கவில்லை. இடப்பக்கம் அமர்ந்திருந்த ஒருத்தி தயங்கித் தயங்கி, “அண்ணா, வேகத்தடை ஏறும்போதெல்லாம் என் காலுக்குக் கீழே தட்டுது” என்றாள். அவர் கோபிக்கவில்லை. அன்று மாலையே பட்டறையில் காட்டினார். டை ராடு முனை தேய்ந்து, உருண்டை கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடும் நிலையில் இருந்தது. அது கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். எண்ணிப் பார்க்கவே உடல் நடுங்குகிறது.

அந்தத் தோழி பொறியியல் படித்தவள் அல்லள். காதில் விழுந்ததை வாய் திறந்து சொன்னாள், அவ்வளவே. பெண் பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் வாயை யாரும் அடைக்காததால், அந்த வேனில் வந்த அனைவரும் பிழைத்தார்கள் எனலாம்.

ஆகவே பெற்றோர்க்கு எங்கள் பணிவான வேண்டுகோள் இது. டயரின் காற்றை மாதம் ஒரு முறையேனும் பாருங்கள். பெரிய பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தால் அலைன்மெண்ட் பார்க்கச் சொல்லுங்கள். அஞ்செட்டி மலைப்பாதைக்கோ தொப்பூருக்கோ புறப்படுமுன் ஸ்டீயரிங்கின் பிளேயைச் சோதியுங்கள். டை ராடு முனை போன்றவற்றை மாற்றினால், பின்பு அலைன்மெண்ட்டும் பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கும் வேலையைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

தங்கையரே, உங்களுக்கும் ஒரு சொல். நம் ஊர்ப் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன. ‘ஸ்டீயரிங்’ என்ற சொல் மூன்றிலும் ஒன்றே. எனவே எந்த மொழியிலாவது, “அண்ணா, ஏதோ தட்டுது” என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பின் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் இழப்பு ஏதுமில்லை. வழிப்பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரிடம் நாம் மன்றாடுவோம். அதோடு, இறைவன் தந்த கண்ணையும் காதையும் வாயையும் பயன்படுத்துவோமாக!