உங்களுக்குத் தெரியுமா? இன்பவாதியின் சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும்தான்!

இன்பமே வாழ்வின் குறிக்கோள் என்றவர் எபிகியூரஸ். அதனாலேயே அவர் பெயரைக் கேட்டால் விருந்தும் மதுவும்தான் பலருக்கு நினைவு வரும். பாவம், மனிதருக்குக் கிடைத்த கெட்ட பெயர்! ஏதென்ஸில் கி.மு. 306 வாக்கில் அவர் தொடங்கிய தோட்டப் பள்ளியில் வாழ்க்கை வெகு எளிமை. ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பி வையுங்கள், ஆசை வரும்போது விருந்து கொண்டாடிக்கொள்கிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உடம்பில் வலியில்லை, மனதில் கலக்கமில்லை என்றால் அவருக்கு அதுவே பேரின்பம். பெண்களும் அடிமைகளும்கூட அங்கே சேர்ந்து படித்தார்கள்.

அதே ஊரில், சந்தைச் சதுக்கத்தை ஒட்டி ஓவியங்கள் நிறைந்த தூண் மண்டபத்தில் பாடம் நடத்தினார் சைப்ரஸ்காரர் ஜீனோ. கப்பல் உடைந்து சரக்கெல்லாம் போனபின், ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸைப் பற்றி வாசிக்கக் கேட்டுத் தத்துவத்தின் பக்கம் திரும்பியவர் என்பார்கள். அவர் வழிவந்த ஸ்டோயிக்குகளுக்கு நற்பண்பு ஒன்றே நன்மை. பணம், உடல்நலம் எல்லாம் இருந்தால் சரி, போனாலும் வாழ்வு கெட்டுவிடாது. எபிகியூரஸ் அரசியலை விட்டு ஒதுங்கச் சொன்னார். இவர்களோ பொதுக்கடமையைக் கைவிடாதே என்றார்கள்.

ஆனாலும் பகை முற்றவில்லை. ரோமாபுரியின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஸ்டோயிக் செனெகா, தன் கடிதங்களில் எபிகியூரஸை அடிக்கடி மேற்கோள் காட்டினார். கி.பி. 176-ல் ஏதென்ஸில் தத்துவப் பேராசிரியர்களுக்குச் சம்பளம் ஏற்படுத்திய பேரரசர் மார்க்கஸ் ஒளரேலியஸும் ஸ்டோயிக்தான். அவர் பட்டியலில் எபிகியூரஸ் பள்ளிக்கும் இடம் இருந்தது.